கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மோர் ஊத்தியும் மாறல, உதவி தேவை

மடிப்பாக்கம்_மாடி (கேள்வி)

வணக்கம். மூணாவது மாடி மொட்டை மாடியில 12க்கு 12 அங்குல குரோ பேக்ல 2 வருஷக் கறிவேப்பிலை. 4 அடி உயரம், நாள் முழுக்க வெயில். பங்குனி கடைசியிலிருந்து புதுசா வர்ற கொழுந்தெல்லாம் எலுமிச்சை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையா வலை மாதிரி தெரியுது. கீழ் இலை நல்லாத்தான் இருக்கு, ஆனா நுனி கருகியிருக்கு. பையோட விளிம்புல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு.

தண்ணி: போர். டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுறது) 1,380 காட்டுது. தினம் ஒன்றரை லிட்டர். மாடித் தளம் ஊறிக் கீழ் வீட்டுல ஒழுகிடும்னு வடியாத அளவுதான் ஊத்துறேன்.

கொடுத்தது: வாரம் ஒரு டம்ளர் புளிச்ச மோர், வாரம் ஒரு ஸ்பூன் முட்டை ஓட்டுத் தூள், ஒரு தடவை எப்சம் உப்பு, போன மாசம் ஒரு பிடி டிஏபி உரம்.

கூடவே இன்னொண்ணு. இலை மேல காக்கா எச்சம் மாதிரி 4 இருந்துச்சு, குச்சியால தொட்டா நகருது. மருந்து அடிக்கணுமா?

செம்மண்

மருந்து, உரம் இரண்டையும் நிறுத்துங்கள். முதலில் ஒரு சோதனை. விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூனில் வைத்து, எலுமிச்சைச் சாறு 4 சொட்டு விடுங்கள். நுரைக்கிறதா, நுரைக்காமல் கரைகிறதா? பையின் அடியில் இருக்கும் ஓட்டைகளை வேர் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி

நல்லா நுரைக்குது சார். மூணு ஓட்டையில ரெண்டு அடைஞ்சிருக்கு.

செம்மண்

அப்படியென்றால் அது சுண்ணாம்பு. செடிக்குப் பசி இல்லை. இரும்புச்சத்து மண்ணிலேயே இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது.

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதை வைத்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மெக்னீசியமும் செடிக்குள் இடம் பெயரக் கூடியவை. குறைந்தால் செடி கிழ இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும், அதனால் கீழ் இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு ஒருமுறை இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நகராது. பழைய இலை பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் வெளுக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. எப்சம் உப்பு மெக்னீசியம்தான், அது இங்கே ஒன்றும் செய்யாது.

கணக்கைப் பாருங்கள். 1,380 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிராம் உப்பு. தினம் ஒன்றரை லிட்டருக்கு 2 கிராம். தண்ணீர் ஆவியாகப் போகிறது, உப்பு போவதில்லை. வடியவும் விடாததால் மாதம் 60 கிராம், வருஷத்துக்கு முக்கால் கிலோ அந்தச் சின்னப் பைக்குள்ளேயே தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கொஞ்சம் கழுவியிருக்கும், அதனால்தான் இத்தனை நாள் தாங்கியது. நுனி கருகுவது இந்த உப்பால். கொழுந்து மஞ்சளாவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற கார உப்பால். அது மண்ணின் பி.எச். அளவை (புளிப்பா காரமா என்று காட்டுவது) ஏழரைக்கு மேலே தள்ளிவிடும், அதற்கு மேல் இரும்பு கரையாது. இதற்கு மேல் நீங்கள் போட்ட முட்டை ஓடும் சுத்தச் சுண்ணாம்பு. டிஏபியின் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இரும்பைப் பிடித்துக்கொள்ளும். நோயை வளர்க்கிற மருந்தாகவே தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள் :)

வேர்க்கால்

செம்மண் சொன்னதுதான். செய்ய வேண்டியதை நான் வரிசையாச் சொல்றேன்.

அடி ஓட்டையைச் சூடான கம்பியால திறங்க. பையை நாலு செங்கல் மேல ஏத்துங்க, அடியில ஒரு பெரிய தாம்பாளமோ டப்போ வைங்க. ஒழுகுற பயத்துக்கு அதுதான் வழி, வடியாம விடுறது வழியில்ல. செங்கல் மேல இருந்தா சித்திரை வெயில்ல தளத்துச் சூடும் வேரை அவ்வளவா தாக்காது.

உங்க பையில சுமார் 18 லிட்டர் மண் இருக்கும். அதைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 35 முதல் 40 லிட்டர் நல்ல தண்ணி வேணும். மெட்ரோ வாட்டர் வந்தா அது போதும். இல்லன்னா ஏசி தண்ணி. காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுறதுதான், உப்பே கிடையாது. பக்கெட் வெச்சுப் புடிச்சு ரெண்டு மூணு நாள் சேருங்க. ஆர்ஓ மிஷின்ல இருந்து வெளியே போற தண்ணியை மட்டும் தொடாதீங்க. வடிகட்டி ஒதுக்கின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு.

ஒரேயடியாக் கொட்டினா பக்கவாட்டுல வழிஞ்சு ஓடிடும். 5 லிட்டர் ஊத்தி, கால் மணி நேரம் விட்டு, வடிஞ்சதைக் கொட்டிட்டு, அடுத்த 5. வடியுற தண்ணியை அந்த மீட்டர்ல பாத்துக்கிட்டே வாங்க. ஊத்துற தண்ணியைப் போல ரெண்டு மடங்குக்குள்ள வந்ததும் நிறுத்தலாம்.

உப்போட தழைச்சத்தும் கழுவிப் போயிருக்கும். அதனால ஒரு வாரம் கழிச்சு 50 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணியில 2 நாள் ஊறப் போட்டு, தெளிஞ்சதைப் பத்து மடங்கு தண்ணி கலந்து ஒரு லிட்டர் ஊத்துங்க.

நுனிக்கிளை

இரும்பு கொடுப்பதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட். இரண்டும் ஒன்றே, ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். மேலே காவி படிந்து பொடிந்திருந்தால் காற்று பட்டு மாறிவிட்டது, செடிக்கு ஏறாது.

ஒரு லிட்டர் ஏசி தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்), அது கரைந்த பிறகு 3 கிராம் அன்னபேதி. வரிசையை மாற்ற வேண்டாம். போர் தண்ணீரில் நேராகப் போட்டால் உங்கள் கண் முன்னாலேயே கலங்கித் துருநிறமாகிவிடும், அதைத் தெளித்துப் பயனில்லை. கரைத்த அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. தெளித்த பின் பத்து நாள் இலை பறிக்க வேண்டாம், பிறகும் கழுவியே தாளியுங்கள்.

முழுச் செடிக்கும் தெளிப்பதற்கு முன் ஒரு மஞ்சள் இலையில் மட்டும் பஞ்சால் தொட்டு வையுங்கள். இரும்புக் குறைதான் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் பட்ட இடம் மட்டும் பச்சைத் திட்டாக மாறும். மண் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காமல் கிடைக்கும் சாட்சி அது.

மண்ணில் அன்னபேதியைக் கொட்டாதீர்கள், அந்தச் சுண்ணாம்பில் ஓரிரு நாளில் செயலிழந்துவிடும். வேர் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் இடிடிஎச்ஏ வகை இரும்பு (கார மண்ணிலும் கரைந்தே நிற்பது) வாங்குங்கள், கருஞ்சிவப்புத் தூள், 2 கிராம் ஒரு லிட்டரில். விலை அதிகம்தான். மலிவான இடிடிஏ வகை உங்கள் மண்ணின் காரத்தில் நிற்காது.

காரக்குழம்பு

மோர் வேலை செய்யாதுன்னு யாரும் சொல்லிடாதீங்க. ஊர்ல கிணத்தடிக் கறிவேப்பிலைக்கு மோர்தான்.

செம்மண்

கிணற்றடி மரத்தின் வேருக்கு ஆழமான மண் இருக்கிறது, மழை ஒவ்வொரு வருஷமும் கழுவுகிறது. பையில் கதை வேறு. மோரின் புளிப்பு சுண்ணாம்பை அந்த நேரத்துக்கு அடக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் புளிப்பை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும், காரம் திரும்பி வரும். மோரில் கொஞ்சம் தழைச்சத்து உண்டு, அந்த வகையில் நல்லது. ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து, 15 நாளைக்கு ஒருமுறை போதும். வெண்ணெய் எடுக்காத மோர் வேண்டாம், கொழுப்பு மேல்மண்ணில் ஏடுகட்டித் தண்ணீரை இறங்க விடாது, எறும்பும் வரும்.

நிலையான புளிப்பு வேண்டுமானால் கந்தகத் தூள் ஒரு டீஸ்பூன், மேல் இரண்டு அங்குலத்தில் கிளறிவிடுங்கள். பாக்டீரியா அதை மெதுவாக அமிலமாக்கும், மாதக் கணக்கில் ஆகும்.

கறிவேப்பிலை_அழகி

அந்தக் காக்கா எச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

அது பட்டாம்பூச்சிப் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம், அதனால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிகள் இதில் முட்டையிடும். சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவை ஏமாந்து போகட்டும் என்று எச்சம் போலவே இருக்கும். கடைசித் தோலை உரித்ததும் பச்சைக்கு மாறிவிடும். அப்போது தலைக்குப் பின்னால் மெல்லத் தட்டிப் பாருங்கள், இரட்டைக் கொம்பு ஒன்று செந்நிறமாக வெளியே நீளும், ஒரு நெடியும் வரும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, ஆடுதீண்டாப்பாளை என்ற நச்சுச்செடியைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகி என்ற இன்னொரு பட்டாம்பூச்சியைப் போலவே சிறகு வண்ணம் கொண்டவை. குழந்தையில் எச்சம், பெரியவளானதும் இன்னொருத்தி வேஷம்.

4 அடிச் செடிக்கு நாலு புழு கொஞ்சம் அதிகம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தெருவோர எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ மாற்றுங்கள். வேப்பெண்ணெய் வேண்டாம், சமையலுக்குப் பறிக்கிற இலை, சித்திரை வெயிலில் எண்ணெய் கருக்கவும் செய்யும்.

வேர்க்கால்

பறிக்கிற விதத்தையும் சொல்லிடுறேன். நாம ஒரு கொத்துன்னு சொல்றோமே, தாவரவியல்படி அந்த முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஒரே ஒரு இலை. மேல இருக்கிறதெல்லாம் சிற்றிலை. சிற்றிலையை உருவிட்டு ஈர்க்கை விட்டா அது காஞ்சு விழும், அதுல இருந்து எதுவும் துளிர்க்காது. மொட்டு இருக்கிறது ஈர்க்கு தண்டோட சேர்ற கக்கத்துல. அதனால கிளை நுனியோட அரை அடி வெட்டி எடுங்க, கீழே ரெண்டு மூணு கக்கம் துளிர்க்கும். பூ வந்தா கிள்ளிடுங்க. ஆனா வெட்டுறது இப்ப வேணாம், கொழுந்து பச்சை திரும்பின பிறகு.

செம்மண்

ஒரு துணுக்கு: கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் (முர்ராயா கோனிகி) வரும் 'கோனிகி' நம் கடற்கரைக்காரர்தான் ஒரு வகையில். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர் யோஹான் கோனிக், 1768ல் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்து, 1785ல் இறக்கும் வரை இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்தவர்.

மடிப்பாக்கம்_மாடி (26 நாள் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி. கழுவ ஆரம்பிச்சப்ப வடிஞ்ச தண்ணி 4,100. எட்டாவது தடவைக்கு 870. ஊத்தினது மெட்ரோ வாட்டர், 450. பஞ்சுல தொட்ட இலையில ஒன்பதாவது நாள் பச்சைத் திட்டு வந்துச்சு. ரெண்டு தடவை தெளிச்சாச்சு, இப்ப வர்ற கொழுந்து முழுப் பச்சை. ஆனா பழைய மஞ்சள் இலை பாதிதான் மாறியிருக்கு. பெரிய பைக்கு எப்ப மாத்தலாம்? அப்புறம் தெளிச்சது சொட்டி டைல்ஸ்ல ஆரஞ்சு கறை, தேய்ச்சும் போகல.

நுனிக்கிளை

பழையது அவ்வளவுதான் மாறும், புதியதை மட்டும் பாருங்கள். மூன்றாவது தெளிப்பையும் முடித்துவிடுங்கள்.

பை மாற்றுவதைக் கத்திரி வெயில் முடிந்து ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள், 18க்கு 18. செம்மண் 2 பங்கு, மணல் 1, மண்புழு உரம் 1, கழுவிய தேங்காய் நார்த்தூள் 1. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் மறுபடி உப்பு. அதற்குப் பிறகும் போர் தண்ணீர்தான் என்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள், மாதம் ஒருமுறை 10 லிட்டர் ஏசி தண்ணீரில் கழுவுங்கள்.

கறைக்கு: மீந்த எலுமிச்சை உப்பு ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் நனைத்துக் கறை மேல் 10 நிமிடம் போட்டுத் துடையுங்கள். டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் அரிக்கும்.