டிசம்பர் 22 ராத்திரி ஸ்டாரை அணைக்கும் அப்பத்தா: நாலு வயது மகளிடம் என்ன சொல்வது?

தேவகோட்டைப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிறந்தது தேவகோட்டை என்றாலும் கல்யாணமாகி ஆறு வருஷமாகத் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், நாலு வயது மகள்.

டிசம்பர் ஒண்ணாந்தேதியே வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் போட்டாயிற்று. இங்கே வடகடல் பக்கம் இந்த மாதம் முழுக்க வாடைக் காற்று. காகித ஸ்டார் இரண்டு நாள் தாங்காது, அதனால் பிளாஸ்டிக் ஸ்டார்தான். உப்புக் காத்தில் வயர் வருஷா வருஷம் துருப்பிடித்துவிடும், வீட்டுக்காரர் உட்கார்ந்து சுரண்டி மாட்டுவார். சாயந்திரம் ஆறு மணிக்கு சுவிட்சைப் போடுவது மகளின் வேலை. முக்காலி மேல் ஏறி நின்று அவள்தான் போடவேண்டும். வேறு யாராவது போட்டுவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லி அழுவாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 22 இருட்டினதும் அத்தை ஸ்டார், சீரியல் லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். குடிலுக்கு முன்னால் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. சாப்பிட மாட்டார். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

அத்தை தனுஷ்கோடியில் பிறந்தவர். அந்த ஊரையே அழித்த 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலின்போது ஆறு வயது. கிறிஸ்மஸுக்குத் துணி எடுக்க அவருடைய அப்பாவோடு ராமேஸ்வரம் வந்திருக்கிறார். மழை விடாததால் ராத்திரி அங்கேயே உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள். அம்மாவும் மூன்று வயதுத் தம்பியும் தனுஷ்கோடியில். அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவே இல்லை. இவ்வளவும் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வருஷம் மகள் சீக்கிரம் தூங்கிவிட்டாள். இந்த வருஷம் அப்படி நடக்காது. போன வாரம் மழையில் கரண்ட் போனபோதே, “ஸ்டார் செத்துப்போச்சாம்மா?” என்று கேட்டு அழுதாள். “சுவிட்ச் ரிப்பேர்னு சொல்லிடு, பச்சப்புள்ளகிட்ட எதுக்கு அதெல்லாம்” என்கிறார் வீட்டுக்காரர். அத்தை அங்கே உட்கார்ந்து அழும்போது ரிப்பேர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லவும் பயமாக இருக்கிறது. கடல்தான் கொண்டுபோனது என்று சொன்னால், அதே கடலுக்குத்தானே அவள் அப்பாவும் வாரத்தில் மூன்று நாள் போகிறார்? ராத்திரி அவள் எப்படித் தூங்குவாள்?

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். கேரல்ஸ் வரும்போது கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைப் பார்த்து அலறுகிறாள், என்ன செய்யலாம்? பாதிராத்திரிப் பூசைக்கு அவளைக் கூட்டிப்போகலாமா?

—

மண்டபம் டீச்சர் எழுதியது:

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன், தங்கச்சி. கேரல்ஸுக்கு வரும் பையன்களில் யார் தாத்தா வேஷம் போடுகிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பகல் நேரம் வீட்டுக்கு வரச்சொல்லி, அவள் கண்ணெதிரே முகமூடியைப் போட்டுக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகமூடியை அவள் கையிலேயே கொடுங்கள். என் வகுப்பில் இதைத்தான் செய்கிறேன். பூசைக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். 24ஆம் தேதி மத்தியானம் நன்றாகத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு எழுப்பி இட்லி கொடுங்கள். ‘உன்னதங்களிலே’ கீதம் பாடும்போது மணி அடித்துப் பாலன் இயேசு சுரூபத்தைக் குடிலில் வைப்பார்களே, அதை மட்டும் பார்த்தால் போதும். அப்புறம் மடியில் தூங்கட்டும். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

பெரிய கேள்விக்கு வருகிறேன். பதினேழு வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இறந்தவரைப் பற்றி “தூங்கிட்டாங்க”, “சாமி கூட்டிக்கிட்டாரு” என்று சொல்லாதீர்கள். அப்படிக் கேட்ட பிள்ளைகள் தூங்கவே பயப்படுவதையும், கோயிலுக்குள் வர மறுப்பதையும் பார்த்திருக்கிறேன். “செத்துப்போயிட்டாங்க, திரும்ப வரமாட்டாங்க, அதான் அப்பத்தாவுக்கு அழுகை வருது” என்று மூன்றே வாக்கியம். அதற்குமேல் அவள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அப்பா கடலுக்குப் போவதைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்குச் சொல்லால் மட்டும் பதில் சொல்லாதீர்கள், காட்டுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அடுத்தமுறை ஏற்றும்போது கூட்டிப்போய்க் காட்டுங்கள். கூண்டு ஏறினால் மீன்துறையில் கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, டோக்கன் இல்லாவிட்டால் அப்பா வீட்டில் இருப்பார் என்று சொல்லுங்கள். கடலுக்குப் போகவே மாட்டார், ஒன்றுமே ஆகாது என்றெல்லாம் சத்தியம் பண்ணவேண்டாம். அப்பா ஜாக்கிரதையாக இருக்க என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு அதுவே பிடிமானம்.

—

பாம்பன் பெரியவர் எழுதியது:

அம்மா, 64இல் எனக்குப் பதினோரு வயது. பாம்பனில்தான் இருந்தோம். அந்த ராத்திரிக் காற்றின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஓலைக்கூரை முதலில் போயிற்று, அப்புறம் சுவரில் பாதி. ஆறு பேரும் ஒரு கட்டிலுக்கு அடியில் கிடந்தோம். விடிந்து பார்த்தால் பாம்பன் ரயில் பாலத்தில் கர்டர்களை, அதாவது இரும்பு உத்திரங்களை, காணோம், தூண்கள் மட்டும் தண்ணீரில் வரிசையாக நின்றன. தனுஷ்கோடி என்னவாயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போன பாசஞ்சர் ரயில் திரும்பவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. கிறிஸ்மஸுக்கு இன்னும் இரண்டு நாள். அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட ஸ்டார் தொங்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இதை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நாம் எல்லாரும் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறோம். உங்கள் அத்தை யாருடைய கல்லறைக்குப் போவார்? அவருடைய அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒரு சிலுவை நட இடமில்லை. அதைத்தான் வருஷத்தில் ஒரு ராத்திரி வீட்டுக்குள் செய்கிறார். அணைக்க விடுங்கள். பேத்திக்காக இந்த வருஷம் மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளையைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய் இடிந்த கோயிலைக் காட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். இப்போது வேண்டாம். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு அங்கே எப்போதும் கூட்டம். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சிரித்துப் போட்டோ எடுக்கிறார்கள், பக்கத்திலேயே சங்கு வியாபாரம். அத்தை தானாக அழைத்தால் போங்கள்.

பாலத்தின் கதையை வேண்டுமானால் மகளுக்குச் சொல்லுங்கள். கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் மறுபடி ரயில் ஓடவைத்தார்கள். அந்த வேலையை முன்னால் நின்று நடத்தியவர் ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டினவர். முதல் ரயில் வந்த நாள் நாங்கள் பையன்கள் எல்லாம் கரையில் நின்று கத்தினது ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக ஒரு யோசனை. அத்தையிடம் 22ஆம் தேதியைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு முந்தின கிறிஸ்மஸ் எப்படி இருந்தது என்று கேளுங்கள். எங்களிடம் எல்லாரும் அந்த ராத்திரியை மட்டும்தான் கேட்கிறார்கள்.

—

நாகை மகள் எழுதியது:

இப்போது ராமநாதபுரத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு மீனவ கிராமம். 2004இல் எனக்கு ஆறு வயது, உங்கள் அத்தையின் வயது. சுனாமி வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தப் பக்கம் இலங்கை மறைத்துக்கொண்டதால் பெரிய சேதம் இல்லை என்று இங்கே வந்த பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு மறைவு எதுவும் இல்லை. என் சித்தி அன்று போய்விட்டார்.

பெரியவர்கள் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பச்சப்புள்ள என்றுதான் சொல்லவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினார்கள். அதனால் நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். அந்த வருஷம் குடில் ஜோடிக்கக் கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணல் எடுத்து வந்தது நானும் சித்தியும். கடல் தன் மணலைத் தேடிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தது, சித்தியைத் தண்டித்தது, அடுத்து என்னைத் தேடும் என்று நம்பினேன். அப்புறம் எத்தனையோ கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக் குடிலில் மணல் பரப்ப விட்டதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வயதில்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்று அழுத மாதிரி நான் பார்த்ததே இல்லை.

அதனால் சொல்லிவிடுங்கள் அக்கா. நீங்கள் சொல்லாவிட்டால் அவளாக ஒன்று நினைத்துக்கொள்வாள். சுவிட்சைப் போடுவது அவள் வேலை என்கிறீர்களே, தான் ஏதோ தப்புப் பண்ணினதால்தான் அப்பத்தா அணைக்கிறார் என்றுகூட நினைப்பாள். அவளிடமே அணைக்கச் சொல்லுங்கள். காலையில் அவளே போடட்டும்.

—

தேவகோட்டைப் பொண்ணு எழுதியது:

இன்று 24. மத்தியானம், மகள் தூங்குகிறாள். டீச்சர் சொன்னபடி செய்திருக்கிறேன். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

18ஆம் தேதி அத்தையும் நானும் அச்சுமுறுக்கு போட்டுக்கொண்டிருந்தோம். மகள் மாவைத் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, “அத்தை, நீங்க சின்னப்புள்ளையா இருக்கையில வீட்டுல குடில் வைப்பீங்களா?” என்று கேட்டேன். அத்தை அச்சை எண்ணெயில் முக்கி எடுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். பனையோலையில் அவர் அப்பா குடில் முடைவாராம். கீழே பரப்பக் கரையில் ஒதுங்கின காய்ந்த கடற்புல். சுரூபம் வாங்கக் காசு இல்லை, சூசையப்பரையும் மாதாவையும் களிமண்ணில் பிடிப்பார்களாம். ஆடுகளுக்குச் சோழி. தம்பி நாள் பூராவும் கரையில் பொறுக்கிக்கொண்டு வருவானாம். வரிசையாக அடுக்கி, “மே, மே” என்று கத்திக்கொண்டே இருப்பானாம். அந்த வருஷம் இருபத்திரண்டு ஆடு சேர்த்திருந்தான் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டுக் குடிலிலும் ஆடுகளுக்குப் பதிலாகச் சோழிதான் இருந்தது. வசதி இல்லாததால் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராமநாதபுரம் கடையில் பிளாஸ்டிக் ஆடு ஒரு டஜன் வாங்கி வந்து வைத்து, சோழிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அத்தை அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நல்லாருக்கும்மா” என்றுதான் சொன்னார்.

அன்று ராத்திரியே பாட்டிலை இறக்கிக் கழுவி, அத்தையிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். “ஒனக்கு எப்படித்தா தெரியும், நான்தான் சொல்லலையே” என்றார்.

22ஆம் தேதி வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. காத்து சரியில்லை என்று டோக்கன் கொடுக்கவில்லை. ஏழு மணிக்கு அத்தை மகளைத் தூக்கி முக்காலியில் நிறுத்தி, “ஸ்டாரை அமத்துத்தா” என்றார். அமத்தினாள். ஏன் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையே, “இன்னைக்கு எங்கம்மாவும் எந்தம்பியும் செத்துப்போன நாளு. புயல்ல கடல் ஊருக்குள்ள வந்துருச்சு” என்று சொல்லிவிட்டார். மகள் உடனே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நான் பயந்த இடம் அதுதான். “அப்பப் புயல் வருதுன்னு சொல்ல ஆளில்ல. இப்பக் கூண்டு ஏத்திருவாக. கூண்டு ஏறுனா ஒங்கப்பன் போகமாட்டான். பாரு, இன்னைக்குக் காத்தடிச்சதுக்கே வீட்டுலதான இருக்கான்” என்றார் அத்தை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த ராத்திரி அவர் அம்மாவோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் மகள் கேட்டது, தம்பிக்கு எத்தனை ஆடு என்று. அத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, இவள் எண்ணினாள். பதிமூன்றுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பது மணிக்கு அத்தை மடியிலேயே தூங்கிவிட்டாள். காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஓடிப்போய் ஸ்டாரைப் போட்டாள், வெளியே நல்ல வெயில்.

நாகைத் தங்கச்சி, உங்களை நினைத்துக்கொண்டேதான் அன்று உட்கார்ந்திருந்தேன். இந்த வருஷம் குடிலுக்கு மணல் எடுக்க மகளையும் கரைக்குக் கூட்டிப்போயிருந்தேன், “எடுத்துக்கலாமா”ன்னு கடல்கிட்டக் கேட்டுத்தான் எடுத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் தாத்தா விஷயம் மட்டும் சரியாகவில்லை. முகமூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள், போட்டதும் அலறல்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம். பிளாஸ்டிக் ஆடுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். இன்னும் அதிரசம் சுட்டு முடியவில்லை, அத்தை கூப்பிடுகிறார்.