புதுப்பிப்பு: காலையில் மட்டும் ஏறும் சர்க்கரை

இரவு சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 160க்குக் குறையவில்லை, மீட்டர்தான் பழுதா என்று மூன்று மாதம் முன்பு புலம்பியிருந்தேன். மீட்டர் பழுதில்லை.

மருத்துவர் நான்கு நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து பார்க்கச் சொன்னார். (அலாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போனது தனிக்கதை.) படுக்கும்போது 130, மூன்று மணிக்கு 126, ஆறரைக்கு 164. விடியும் நேரத்தில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் கூடும்போது கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறதாம். அதைச் சமாளிக்க எனக்கு இன்சுலின் போதவில்லை. மூன்று மணிக்கு 70க்குக் கீழே இறங்கியிருந்தால் விஷயமே வேறு, மருந்தைக் குறைக்க வேண்டி வந்திருக்கும் என்றார். நானோ அவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டப் பார்த்தேன். நல்லவேளை!

அப்புறம், இரவு மாத்திரையை மாற்றித் தந்தார். சாப்பிட்டபின் இருபது நிமிடம் நடக்கிறேன். காலை அளவு இப்போது 120-135. எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 7.8லிருந்து 7.1.

இடையில் ஒருநாள் 238 காட்டிப் பதறிப்போனேன். பழம் நறுக்கிய விரலிலேயே குத்தியிருக்கிறேன். கை கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 141.