மாலையானால் கடையில் இணையம் அறுந்துபோகிறது: எந்த ரௌட்டர் வாங்கலாம்?

குத்துவிளக்கு

வணக்கம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக மாலை ஆறு மணிக்கு மேல் கடையில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. பில் போட முடிவதில்லை. கார்டு தேய்க்கும் இயந்திரமும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நேற்று சீர்வரிசைப் பாத்திரம் எடுத்த குடும்பம் ஒன்று கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, பணம் எடுத்து வருவதாகச் சொல்லிப் போனது, திரும்பி வரவில்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் நல்ல ரௌட்டர் ஒன்றை வாங்கிவிட வேண்டும். ஐயாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். நீடித்து உழைப்பது எது என்று அனுபவமுள்ளவர்கள் உடனே சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை

வணக்கம் ஐயா. ரௌட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். ஃபைபர் இணைப்பா, வேறா? எத்தனை கணினிகள், எத்தனை கேமராக்கள்? அறுந்துபோகிறது என்கிறீர்களே, வைஃபை அடையாளமே மறைகிறதா, அல்லது அடையாளம் முழுதாக இருந்தும் இணையம் மட்டும் வராமல் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

அலைவரிசை

கடைத்தெரு என்றதுமே காரணம் தெரிந்துவிட்டது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் வைத்துக்கொள்ளக்கூடிய சானல்கள், அதாவது அலைப்பாதைகள், 1, 6, 11 என மூன்றுதான். மாலையில் தெருவே நிறைந்து, அத்தனை கடைகளின் வைஃபையும் அத்தனை பேரின் கைப்பேசிகளும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. போதாக்குறைக்கு, உங்கள் கடையில் உத்தரம் முழுவதும் எவர்சில்வர் குடங்களும் அண்டாக்களும் தொங்கிக்கொண்டிருக்கும். அலை அவற்றில் பட்டுத் தெறித்துத் திசைக்கொன்றாக ஓடும். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள வைஃபை 6 ரௌட்டராக வாங்கி, கல்லாவுக்கு நேர் மேலே மாட்டுங்கள். அறைக்கு ஒன்றாக மெஷ், அதாவது தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள், வைத்தால் இன்னும் நல்லது.

ஓம்விதி

"மாலை ஆறு மணிக்கு மேல்" என்ற சொற்களை ஒருவரும் கவனிக்கவில்லை. இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு கேமராவும் இழுக்கும் மின்சாரம் கூடும். ஒரே வலையில் பல கருவிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். ஈதர்நெட் கம்பி வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் பிஓஇ வகைச் சுவிட்சில், 2003-ஆம் ஆண்டுத் தரத்தின்படி ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கிடைக்கும் என்றாலும், மலிவான சுவிட்சுகளில் எட்டுத் துளைக்கும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு இருக்காது. மொத்தம் மிஞ்சியதும் சுவிட்ச் தன்னைத்தானே அணைத்து மீண்டும் எழும். கூடவே இணையமும் போகும். மின்சாரம்தான் காரணம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ரௌட்டரின் அடாப்டரையும் மாலையில் ஒருமுறை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். பழையதாகிவிட்டால் சுமை ஏறும்போது அதற்குக் கீழே இறங்கும்.

நிலையவித்துவான்

இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடை சொல்லியாயிற்று; தேடிப் பார்க்கும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "இணையம் வரவில்லை, எந்த ரௌட்டர் வாங்கலாம்" என்பது "காய்ச்சல் அடிக்கிறது, எந்தக் கட்டில் வாங்கலாம்" என்பதைப் போன்றது. நாங்கள் சோதிடர்கள் அல்லர். வணிகத்துக்கு வீட்டு ரௌட்டர் ஆகாது என்பது முதல் பாடம். லாட்வியாவின் ரீகா நகரில் 1996 முதல் இயங்கிவரும் மைக்ரோடிக் நிறுவனத்தின் சிறிய ரௌட்டர் ஒன்று உங்கள் பணத்துக்குள்ளேயே கிடைக்கும். ஆனால், அதை அமைக்கப் படிக்க வேண்டும். படிக்க மனமில்லாதவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்குப்பிள்ளை

வித்துவான் ஐயா, மைக்ரோடிக் நல்ல சரக்குதான். நானும் இரண்டு இடங்களில் போட்டிருக்கிறேன். ஆனால், அவர் ரௌட்டர் விற்கவில்லை, பாத்திரம் விற்கிறார். அதுவும் தீபாவளி நேரத்தில். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று ஃபயர்வால் விதி எழுதப் படிப்பதற்கு இது காலமா?

குத்துவிளக்கு

தாமதத்துக்கு மன்னிக்கவும், கடையில் ஆள் குறைவு. ஃபைபர் இணைப்பு, 100 மெகாபிட் திட்டம். நிறுவனம் கொடுத்த வெள்ளைப் பெட்டியிலேயே வைஃபையும் வருகிறது. அதிலிருந்து எட்டுத் துளைச் சுவிட்ச் ஒன்றுக்குக் கம்பி போகிறது. பில் போட இரண்டு கணினிகள் இருக்கின்றன. இரண்டாவதை மாலைக் கூட்டத்துக்கு மட்டும்தான் போடுவோம். கேமராக்கள் பழைய வகை. தடித்த கறுப்புக் கம்பியில் நேராக, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்குப் போகின்றன. பின்பக்கம் முற்றத்தைத் தாண்டி அறுபதடி தள்ளிக் கிடங்கு, மாடியில் வீடு. வைஃபை அடையாளம் முழுதாகத்தான் தெரிகிறது.

ஓம்விதி

அப்படியானால் பிஓஇ சுவிட்ச் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். அடாப்டரைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

முறுக்குக்கம்பி

பாத்திரக்கடைக்கு மெஷ் வாங்கச் சொல்வது வீண்செலவு. இரண்டு மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் வைஃபையிலேயே பேசிக்கொண்டால், கைப்பேசிக்கும் பேச வேண்டும், அடுத்த பெட்டிக்கும் பேச வேண்டும். ஒரே ரேடியோவில் இரண்டையும் செய்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அசையாத பொருள் எதுவானாலும் அதற்குக் கம்பி இழுங்கள். கேட் 6 வகை ஈதர்நெட் கம்பி நூறு மீட்டர் வரை கிகாபிட்டைச் சுமக்கும். உங்கள் கடைக்குக் கால்வாசி நீளம்கூட வேண்டாம்.

ஆனால், கம்பியைப் பார்த்து வாங்குங்கள். மேலே கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே செப்புப் பூச்சுப் பூசிய அலுமினியத்தை வைத்து விற்கிறார்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பினுடையதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு, வளைத்தால் எளிதில் முறியவும் செய்யும். கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முலாம் பூசியதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடும் உங்களுக்கு இது பெரிய வித்தை அன்று.

அலைவரிசை

நீங்கள் சொல்வது பழைய மெஷ் பெட்டிகளுக்குப் பொருந்தும். இப்போது பெட்டிகளுக்கிடையே பேசுவதற்கென்றே தனி ரேடியோ உள்ளவை வருகின்றன. பழைய கட்டடத்தின் முக்கால் அடிச் சுவரைத் துளைத்துக் கம்பி இழுப்பதற்கு ஆகும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

முறுக்குக்கம்பி

அந்தத் தனி ரேடியோவும் அதே அண்டாக்களில்தான் பட்டுத் தெறிக்கப்போகிறது. சுவரை ஒருமுறை துளைத்தால் போதும். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

நிலையவித்துவான்

இருவருமே முற்றத்தை மறந்துவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாத இடியில், திறந்தவெளியைக் கடந்து போகும் செப்புக் கம்பியில் மின்னலின் அதிர்ச்சி ஏறினால், இரண்டு முனையிலும் உள்ள சுவிட்சுகள் ஒரே இரவில் போய்விடும். கிடங்குக்குக் கண்ணாடி இழைதான் போட வேண்டும். இரு முனையிலும், இழையின் ஒளியை ஈதர்நெட் கம்பிக்கு மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர் வைத்தால் முடிந்தது. இழையில் மின்சாரம் பாயாது. இது பள்ளிப் பாடம்.

முறுக்குக்கம்பி

கிடங்கைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். தொனியை அன்று.

கணக்குப்பிள்ளை

குத்துவிளக்கு ஐயா, ஒரு மாதமாக என்றீர்கள். ஒரு மாதத்துக்கு முன் புதிதாக எதையாவது மாட்டினீர்களா? மாடியில் இணையம் எப்படிக் கிடைக்கிறது? காலையிலிருந்து ஓடும் முதல் கணினியும் மாலையில் நிற்கிறதா, அல்லது இரண்டாவது மட்டுமா?

குத்துவிளக்கு

யோசித்துப் பார்த்தால் முதல் கணினி நிற்பதில்லை. இரண்டாவதும் கார்டு இயந்திரமும்தான் தொல்லை. புதிதாக எதுவும் வாங்கவில்லை. அண்ணன் மகன் கல்லூரிக்காக எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். அவன் மட்டும் பரணில் கிடந்த பழைய ரௌட்டரை எடுத்து மாடியில் மாட்டிக்கொண்டான். கடைச் சுவிட்சிலிருந்து கம்பி கொடுத்தோம். முதல் நாள் அவனுக்கே வரவில்லை; கணினியில் ஏதோ எண்களைக் கையால் கொடுத்துச் சரிசெய்துவிட்டான். அதனால் ஒன்றும் இருக்காது. எந்த ரௌட்டர் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

அதனால்தான் எல்லாமே, ஐயா. கல்லூரி விட்டுத் தம்பி வீட்டுக்கு வந்து அந்த ரௌட்டரைப் போடும் நேரம் ஐந்தரை, ஆறு மணி இருக்குமே?

நடப்பதைச் சொல்கிறேன். எந்தக் கருவி வலைக்குள் நுழைந்தாலும், "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கூவிக் கேட்கும். முகவரி கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு வலைக்கு ஒருவர்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். உங்கள் வலையில் மாலையில் இருவர் பார்க்கிறார்கள்: ஒன்று வெள்ளைப் பெட்டி, மற்றொன்று மாடியில் உள்ள பழைய ரௌட்டர். தம்பி கம்பியை, இணையம் உள்ளே வரும் துளையில் அல்லாமல், உள்வலைக் கருவிகளுக்கான லேன் துளையில் சொருகியிருப்பார். ஆகவே மாடியிலிருந்தே அது உங்கள் கடை முழுவதற்கும் முகவரி வழங்குகிறது. கேட்ட கருவி பெரும்பாலும் முதலில் கிடைத்த பதிலையே பிடித்துக்கொள்ளும். பழைய ரௌட்டரின் பதிலைப் பிடித்த கருவி, வெளியே போகும் வாசல் மாடியில் இருப்பதாக நம்பி அங்கே போய் நிற்கிறது; அந்த வாசலுக்குப் பின்னால் இணையமே இல்லை. வைஃபை அடையாளம் முழுதாகத் தெரிவதும் இதனால்தான். காலையில் வெள்ளைப் பெட்டியிடம் முகவரி வாங்கிய முதல் கணினி, புதுப்பிக்கும் நேரம் வந்தாலும் அதே பெட்டியிடமே கேட்கும் என்பதால் தப்பித்துக்கொள்கிறது. மாலையில் புதிதாக எழும் இரண்டாவது கணினியும், தூங்கித் தூங்கி விழிக்கும் கார்டு இயந்திரமும் மாட்டிக்கொள்கின்றன.

சோதித்துப் பார்ப்பது எளிது. மாலையில் தகராறு நடக்கும்போது இரண்டாவது கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்தான் அந்த வாசலின் முகவரி; அதைப் பார்த்து, முதல் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

ஓம்விதி

இருக்கலாம். அடாப்டரை அளப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

நிலையவித்துவான்

கணக்குப்பிள்ளை சொன்னது சரியாகவே இருக்கும். நாமே அமைப்புகளை மாற்றிக்கொள்ளக்கூடிய, சற்று விலை கூடிய மேனேஜ்டு சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்றொரு வசதி உண்டு. நாம் காட்டிய துளையைத் தவிர வேறு எந்தத் துளையிலிருந்தும் யாரும் முகவரி வழங்க அது விடாது. அப்படியொன்று இருந்திருந்தால் இந்த ஒரு மாதத் தொல்லையே இல்லை. வீட்டுச் சாமான் வணிகத்துக்கு ஆகாது என்று நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

குத்துவிளக்கு

பார்த்துவிட்டேன். முதல் கணினியில் 192.168.1.1, இரண்டாவதில் 192.168.0.1. மாடிப் பெட்டியை அணைத்துவிட்டு இரண்டாவது கணினியையும் கார்டு இயந்திரத்தையும் மறுபடி போட்டதும் இரண்டும் ஓடின. நேற்றும் இன்றும் ஒன்றும் நிற்கவில்லை. மிக்க நன்றி. பையன் மாடியில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். ரௌட்டர் வாங்க வேண்டுமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை

இப்போதைக்கு வேண்டாம். தம்பியின் ரௌட்டரையும் தூக்கி எறிய வேண்டாம். அதன் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கம்பியை லேன் துளையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். வெள்ளைப் பெட்டி அந்த எண்ணை வேறு கருவிக்கு வழங்காதபடி அதன் பட்டியலிலிருந்து விலக்கிவிட வேண்டும். கணினியில் கையால் கொடுத்த எண்களையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே எண் ஒருநாள் உங்கள் கார்டு இயந்திரத்துக்குப் போய்ச் சேரும். அந்த ரௌட்டருக்கு மென்பொருள் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றிருந்தால் அடுத்த ஆண்டாவது மாற்றிவிடுங்கள்.

கையில் உள்ள ஐயாயிரத்தை நான் இப்படிச் செலவழிப்பேன். முதலில், வெள்ளைப் பெட்டிக்கும் சுவிட்சுக்கும் சேர்த்து ஒரு சிறிய யுபிஎஸ். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியில் பெட்டி அணைந்து மீண்டும் எழுவதற்குள் மூன்று பில் நின்றுவிடும். அடுத்து, கார்டு இயந்திரத்தில் ஈதர்நெட் துளை இருந்தால் நல்ல செப்புக் கம்பி. மீதமிருந்தால் வித்துவான் ஐயா சொன்ன வகைச் சுவிட்ச். அந்த வசதி பெட்டியின் விவரக் குறிப்பில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள், மேனேஜ்டு என்ற சொல் மட்டும் போதாது. பின்னொரு நாள் ரௌட்டரே வாங்குவதானால், எல்லாத் துளைகளும் கிகாபிட்டாக இருக்கின்றனவா, முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ள முடியுமா, பழுது பார்க்கும் நிலையம் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ உண்டா என்று மட்டும் பாருங்கள். ஆன்டெனா எத்தனை என்று எண்ண வேண்டாம்.

டிவிஆரின் கடவுச்சொல் வாங்கும்போது இருந்ததேதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் மிராய் என்ற தீங்கு நிரல் அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும்தான் புகுந்து பரவியது.

அலைவரிசை

கல்லாவுக்கு மேல் 5 கிகாஹெர்ட்ஸ் வைக்கும் யோசனையையும் மறந்துவிடாதீர்கள். தீபாவளி வாரத்தில் தெரு எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓம்விதி

யுபிஎஸ் வாங்கக் கடைக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். அடாப்டரை அளந்துவிட்டு எத்தனை வோல்ட் வந்தது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.