சரிவுக் காணியில் மரக்கறித் தோட்டம்: படி வெட்டுவதா, வரம்பு போடுவதா?

உன்னிச்சைக் காணி:
வணக்கம். மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் கால் ஏக்கர் மேட்டுக்காணி. சரிவுக்குக் குறுக்கே 180 அடி, சரிவின் போக்கில் 60 அடி. மேற்கு உயரம், கிழக்கே ஓடைப் பக்கம் பள்ளம். மேலுக்கும் கீழுக்கும் 6 அடி வித்தியாசம். மேல்மண் மணல் கலந்தது, அரை அடிக்குக் கீழே சரளை. மழைத்தண்ணி அறுத்த தடம் இரண்டு கிடக்கு. மாரிக்கு முன் அமைக்கவேணும். படிக்கட்டு மாதிரி வெட்டவா, பாத்தியைக் குறுக்கே போட்டால் போதுமா? தண்ணித் தாங்கியை எங்கே வைக்கலாம்? அடியில் வாழை வைக்க யோசனை.

மேட்டுநிலம்:
படி வெட்டாதீங்க தம்பி. அரை அடி மேல்மண் உள்ள காணியில் படி வெட்டினால் உள்பக்கம் சரளை வெளியே வரும், நல்ல மண் முழுக்க வெளிவிளிம்பில் புதைந்துபோகும். 60க்கு 6 என்றால் நூற்றுக்கு 10 சரிவு. இதற்குச் சமமட்ட வரம்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகும் மண்வரம்பு போதும். மணல்மண் என்பதால் ஒவ்வொரு 2 அடி இறக்கத்துக்கும் ஒரு வரம்பு, அதாவது 20 அடிக்கு ஒன்று. நடுவில் இரண்டு வரம்பு வந்தால் மூன்று துண்டு கிடைக்கும்.

மட்டம் பார்க்க 7 அடிக் கம்பு இரண்டை உச்சியில் கட்டி, கால்கள் 6 அடி விரிய, குறுக்கே ஒரு கம்பு அறையுங்க. உச்சியிலிருந்து கயிற்றில் கல் தொங்கட்டும். சட்டத்தை நிறுத்தி, கயிறு குறுக்குக்கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்க. பிறகு இரண்டு காலையும் அதே தடங்களில் இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். காற்று அடிக்கும் நேரம் கயிறு ஆடும், காலையிலேயே பார்த்து முடிப்பது நல்லது.

கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி சட்டத்தைக் குறுக்கே நகர்த்தி முளை அடித்துக்கொண்டு போகும்போது, மழை அறுத்த பழைய தடத்தில் கோடு மேல்பக்கமாக வளையும். சின்ன நெளிவுகளை நேராக்கலாம், இந்த வளைவை மட்டும் நேராக்கவே கூடாது. நேராக்கினால் வரம்பு அந்த இடத்தில் பள்ளத்தில் இறங்கும், தண்ணி முழுக்க அங்கே சேர்ந்து உடைக்கும். மாரியில் பல வரம்புகள் இப்படித்தான் உடைகின்றன.

வரம்புக்கு அடி அகலம் 3 அடி, உயரம் ஒன்றரை அடி, மேல் அகலம் 1 அடி. அரை அடி மண் போட்டதும் மிதித்து இறுக்கி, பிறகு அடுத்த படை. புதுமண் இறங்கும், ஆகவே கால் பங்கு கூட உயர்த்துங்க. மேலே வெட்டிவேரை அரை அடிக்கு ஒரு நாற்றாக ஒரே வரிசையில், இடைவெளி விடாமல் நடுங்க. ஓரிடத்தில் நாற்றுச் செத்தால் உடனே நிரப்பவேணும்.

வரம்பு போக 17 அடி மிச்சம். மூன்றரை அடிப் பாத்தி, ஒன்றரை அடி நடைபாதை என்று மூன்று பாத்தி வரும். மிச்சம் 2 அடி வீல்பறோ போக. எல்லாப் பாத்தியும் வரம்புக்குச் சமாந்தரமாக.

ஓடைக்கரை:
மேலே சொன்னதுடன் முழு உடன்பாடு. ஆனால் பாத்தியைக் கீறுமுன் தண்ணிக்கு வழி முடிவாகவேணும். கால் ஏக்கரில் 25 மி.மீ. மழை விழுந்தாலே 25,000 லீற்றருக்கு மேல். அதற்கு மேல் உயரக் காணியிலிருந்து வழிந்து வருவது வேறு.

மேல் எல்லையில் முதலில் ஒரு வடிகால் வெட்டுங்க: 1 அடி ஆழம், ஒன்றரை அடி அகலம், வெட்டிய மண் கீழ்ப்பக்கம். இது மட்டமாக இருக்கக்கூடாது, 200 அடிக்கு 1 அடி இறங்கவேணும். அதே சட்டத்தில் முன்போகும் காலின் அடியில் 9 மி.மீ. தடிப்புப் பலகைத்துண்டு அறைந்தால் அந்த இறக்கம் தானாக வரும். ஆனால் சட்டத்தைச் சுழற்றாமல் ஒரே காலை முன்னுக்கு வைத்தே நகர்த்துங்க. இதைவிடச் செங்குத்தாக விட்டால் மணல்மண்ணில் வடிகாலே அறுந்து பள்ளமாகும்.

வடிகாலும் வரம்புகளும் ஒரே பக்கம் முடியட்டும். வரம்பு நுனியில் 2 அடி அகலத்துக்கு, வரம்பின் உச்சியிலிருந்து அரை அடி தாழ்த்திக் கல் பதித்து வழியவிடுங்க. அந்தப் பக்க எல்லையில் 4 அடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் தட்டையான புல்வாய்க்கால் ஓடைக்குப் போகட்டும். புல்லை மழைக்கு முன் பிடிக்கவைத்தால்தான் பயன். அடுத்த காணிக்காரருக்குள் தண்ணி போகுமென்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்க.

உன்னிச்சைக் காணி:
நன்றி அண்ணன்மாரே. நடக்கிற பாதையை மேலிருந்து கீழே நேராக விடலாமா?

ஓடைக்கரை:
வேண்டாம், முதல் மாரியிலேயே அதுவும் வாய்க்காலாகிவிடும். ஓரமாகக் கற்படி வைத்து, 20 அடிக்கு ஒருதரம் குறுக்கே சாய்வாகக் கல் வரிசை பதித்துத் தண்ணியைப் புல்வாய்க்காலுக்குத் திருப்புங்க.

தாங்கி மேற்கு மூலையில். 1,000 லீற்றர் ஒரு தொன் பாரம். வெட்டிய கெட்டி மண்ணில் வையுங்க, நிரப்பிய மண் இறங்கும். சொட்டுநீர் போடுவதென்றால் ஒரு மீற்றர் உயரம் 0.1 பார் அழுத்தம்தான் தரும். 1 பாருக்குச் செய்த சாதாரணச் சொட்டுவான் அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விடும், நேரத்தைக் கூட்டவேணும். மூன்று துண்டுக்கும் தனித்தனி வால்வு வையுங்க. இல்லாவிட்டால் கீழ்த்துண்டு குடிக்கும், மேல்துண்டு காயும்.

மரக்கறிப் பாத்தி:
பயிர் பற்றி. மாரியில் மிளகாய் மேல்துண்டில், 2 அடிக்கு ஒன்றரை அடி, பாத்திக்கு இரண்டு வரிசை. தண்ணி நின்றால் அதன் வேர் அழுகும். நடுவில் வெண்டி, பயற்றை. கீழே கங்குன் கீரை, வல்லாரை. அங்கேயும் பாத்தியை முக்கால் அடி உயர்த்துங்க. வாழை வேண்டாம், உன்னிச்சைப் பக்கம் அது யானையைக் கூப்பிடும். மரவள்ளியை வரம்பருகே நடாதீங்க, கிழங்கு கிண்டும்போது மண் இளகி மழையோடு போகும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே துண்டுக்குள் இருக்கட்டும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடினால் அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணிக் கிளாசில் தொங்கவிடுங்க. சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் மாதிரி இறங்கினால் பற்றீரியா வாடல். அந்தச் செடியை வேர்மண்ணோடு எடுத்து எரியுங்க. நோய் வடியும் தண்ணியோடு கீழே இறங்கும். அதனால் அதற்குக் கீழுள்ள துண்டிலும் அடுத்த போகம் இந்த மூன்றும் வேண்டாம்.

சிறுபோகத்தில் கச்சான் காற்று உங்கள் உயரப் பக்கத்திலிருந்தே வரும். மேல் எல்லையில் ஒன்றரை அடிக்கு ஒரு கிளிசரியாக் கம்பு நட்டு வேலியாக்குங்க, மாரி தொடங்கும்போது நட்டால் பிடிக்கும். முதல் பாத்தி வேலியிலிருந்து 3 அடி தள்ளி. வெட்டும் குழையைப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். எருவை மேல்துண்டுக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க, கரைந்து இறங்குவதில் கீழ்த்துண்டுக்கும் பங்கு போகும்.