51 வயதில் கியர் வண்டி லைசென்ஸ்: பழகலாமா, ஸ்கூட்டியோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஒரத்தநாடு டீச்சர்
வணக்கம். எனக்கு 51 வயது. ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர். இத்தனை வருடமும் வீட்டுக்காரர் ஸ்ப்ளெண்டரில் கொண்டுபோய் விட்டார். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வண்டி வாசலில் சும்மா நிற்கிறது. எனக்கு சைக்கிள் நன்றாக வரும். சுடிதார்தான் போடுகிறேன், அதனால் சேலைப் பிரச்சினை இல்லை. அதே வண்டியைப் பழகி லைசென்ஸ் எடுக்க ஆசை. பெங்களூரில் இருக்கும் மகன், "வேண்டாம்மா, ஸ்கூட்டி வாங்கித் தர்றேன்" என்கிறான். நல்ல வண்டி வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

காந்திபுரம் ஒர்க்‌ஷாப்
டீச்சர், உங்கள் மகன் சொல்வதுதான் சரி. விழுந்து அடிபட்ட வண்டிகளைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். கியர் வண்டியில் இடது கைக்கு கிளட்ச், இடது காலுக்கு கியர், வலது கைக்கு ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், வலது காலுக்குப் பின் பிரேக். நீங்கள் சைக்கிள் ஓட்டியவர். சைக்கிளில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும், ஸ்கூட்டியிலும் அப்படியே. நாய் குறுக்கே வந்தால் இரண்டு கையும் தானாக இறுக்கும். ஸ்ப்ளெண்டரில் அப்படி இறுக்கினால் இடது கையில் கிளட்ச்தான் வரும், வலது கையில் முன் பிரேக் மட்டும் முழுசாகப் பிடிக்கும். ஓரத்தில் மணல் கிடந்தால் முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போய்விடும். இருபது வயதுப் பையன் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். 51 வயதில் மணிக்கட்டு உடைந்தால் பள்ளியும் போச்சு, வீட்டு வேலையும் போச்சு.

திண்டுக்கல் டிரைவிங் மாஸ்டர்
விழுந்த வண்டிதான் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் அண்ணே. விழாமல் ஓட்டுகிறவர்கள் உங்களிடம் ஏன் வரப்போகிறார்கள்?

வயது கூடியவர்களுக்கு ஸ்கூட்டி சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கற்றுக்கொடுத்தவரையில் அது பாதிதான் உண்மை. ஸ்கூட்டியில் பயந்தால் வலது கை கைப்பிடியை இறுக்கி முறுக்கிவிடும், வண்டி பாய்ந்து சுவரில் போய் மோதும். சக்தியைத் துண்டிக்க கையில் பிடிக்கிற கிளட்ச் அதில் கிடையாது. கியர் வண்டியில் கிளட்சைப் பிடித்தால் போதும், எஞ்சின் எவ்வளவு அலறினாலும் சக்கரத்துக்குச் சக்தி போகாது. நீங்கள் குறை சொன்ன அதே இடது கைப் பழக்கம் இங்கே காப்பாற்றும்.

டீச்சர், எங்கள் கிரவுண்டில் ஆரம்பத்தில் ஆக்சிலேட்டரைத் தொடவே விடமாட்டோம். முதல் கியரைப் போட்டு, கிளட்சை நூல் நூலாக விட்டால் ஸ்ப்ளெண்டர் ஐடிலிங்கிலேயே நகரும். வண்டி இழுக்க ஆரம்பிக்கும் அந்த இடத்தை விரல் கண்டுபிடிக்கும் வரை அதையேதான் செய்ய வேண்டும். அது பிடிபட்டபின் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி நடை வேகத்தில் திருப்பிப் பழகலாம். லைசென்ஸ் டெஸ்ட்டுக்காக 8 வடிவத்தில் ஓட்டி எட்டு போடும்போது பலர் கால் ஊன்றுவது முன் சக்கரத்தையே குனிந்து பார்ப்பதால்தான். தலையைத் திருப்பி அடுத்த வளைவைப் பாருங்கள், வண்டி அங்கே போகும்.

எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து 30 நாள் ஆனபின்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அதனால் 31-ஆம் நாளே ஓட வேண்டியதில்லை, முழுசாகப் பழகிவிட்டுப் போங்கள். கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டியும் ஓட்டலாம். ஸ்கூட்டி லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்ப்ளெண்டரைத் தொட முடியாது, பிறகு கியருக்குத் தனியாக மறுபடி எல்எல்ஆர் போட வேண்டும்.

வேளச்சேரி வாசகன்
இவ்வளவு கஷ்டம் எதற்கு? 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸே தேவையில்லையே.

காந்திபுரம் ஒர்க்‌ஷாப்
தேவையில்லைதான். ஆனால் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் அது திணறும். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஓட்டப் பழகாமலே ரோட்டுக்கு வருவது அதைவிட மோசம்.

மாஸ்டர், உங்கள் கிளட்ச் கணக்கு கிரவுண்டுக்குச் சரி. எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும். எதிரே மணல் லாரி வரும்போது ஓரத்துக் குழியில் இறங்காமல் நிற்கத் தெரியுமா என்று அந்த எட்டு கேட்பதில்லை. சின்ன வயதில் ஆரம்பித்தவனுக்கு ரோடு இருபது வருடமாகப் பாடம் எடுத்திருக்கும். 51-இல் ஆரம்பிப்பவருக்கு அந்த அனுபவத்தை யார் தருவது?

கீரனூர் சைக்கிள்
1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள். எங்கள் ஊரில் அப்போதும் "இந்த வயசுல எதுக்கு, விழுந்தா யார் பாக்குறது" என்றுதான் கேட்டார்கள். இன்று அதே கேள்வி மோட்டார் சைக்கிளுக்கு வந்திருக்கிறது. அக்கா, பழகுங்கள். பஸ்ஸுக்கும் அடுத்தவருக்கும் காத்திருக்காமல் கிளம்ப முடிவது சாதாரண விஷயம் இல்லை.

காந்திபுரம் ஒர்க்‌ஷாப்
அந்தப் பெண்களை நான் மதிக்கிறேன். ஆனால் சைக்கிள் சாய்ந்தால் ஒரு காலை ஊன்றித் தாங்கிவிடலாம். ஸ்ப்ளெண்டர் 110 கிலோவுக்கு மேல். நின்ற இடத்தில் சாய்ந்தாலே தாங்க முடியாது, பின்னால் கணவர் வேறு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பெண் என்பதற்காகச் சொல்லவில்லை. என் சொந்த அண்ணன் கேட்டாலும் ஸ்கூட்டி என்றுதான் சொல்வேன்.

திருச்சி மருத்துவர்
கியரா ஸ்கூட்டியா என்று நான் சொல்லப்போவதில்லை. 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். உங்களுக்கு அது முக்கியமான கட்டம். பல இடங்களில் ஆளைப் பார்க்காமலே கையெழுத்தாகி வருகிறது. தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள், நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை, கண்ணாடி போடுபவரானால் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். சாயங்காலம் எதிர் ஹெட்லைட் சிதறித் தெரிகிறதா? கண்புரை ஆரம்பமாக இருக்கலாம். கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா? பிரஷர் மாத்திரை போட்டதும் எழுந்தால் தலை சுற்றுகிறதா? சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவது சகஜம். அந்த விஷயத்தில் ஒர்க்‌ஷாப்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

திண்டுக்கல் டிரைவிங் மாஸ்டர்
டாக்டர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அனுபவத்தை ரோடுதான் தர வேண்டும். ஆனால் எந்த ரோடு, எந்த நேரம் என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். டீச்சருக்கு வேண்டியது மூன்று கிலோமீட்டர் கிராமத்து ரோடு. எந்த வளைவில் ஆடு நிற்கும், எங்கே மணல் கிடக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். இந்த வயதில் பழக வருகிறவர்களிடம் நான் சொல்லிச் சொல்லி வேகம் கூட்ட வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம் டீச்சர். சிலர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டு கியர் வண்டி ஓட்டுகிறார்கள். எக்ஸ்எல் கியர் இல்லாத வண்டி. கார்டில் எந்த வகை இருக்கிறதோ அதுதான் செல்லும். வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். வண்டி உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்கும் என்பதால் அந்தக் காப்பீடு அவருக்குத்தான். ஆர்சியை (வண்டியின் பதிவுச் சான்றை) உங்கள் பேருக்கு மாற்றுவதைப் பற்றியும் யோசியுங்கள்.

ஒரத்தநாடு டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்ன மாதிரி கியர் வகைக்கே எல்எல்ஆர் போடுகிறேன். கண் டாக்டரிடம் போய்விட்டுத்தான் படிவம் வாங்குவேன். இந்த வயதில் லைசென்ஸ் கொடுத்தால் 60 வரை செல்லுமாம், என் பணிக்காலத்துக்கு அது போதும். பள்ளி மைதானம் சனி, ஞாயிறு காலியாக இருக்கும். கற்றுக்கொடுக்க என் தம்பி வருகிறான். பழகிய பிறகும் கை வரவில்லை என்றால் மகனிடம் ஸ்கூட்டி கேட்பேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒர்க்‌ஷாப் தம்பி, வண்டி ரொம்ப நாளாக நிற்கிறது. எடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

காந்திபுரம் ஒர்க்‌ஷாப்
என் கருத்து மாறவில்லை டீச்சர், ஆனாலும் வண்டியைச் சரியாக வைத்துத்தான் நீங்கள் பழக வேண்டும். கிளட்ச் கேபிளை மாற்றிவிடுங்கள். நின்ற வண்டியில் அது இறுகியிருக்கும், உங்கள் விரல் சீக்கிரம் ஓய்ந்துவிடும். டயரில் பக்கவாட்டு வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மேலே பட்டன் தேயாமல் இருந்தாலும் டயரை மாற்றுங்கள். பின் பிரேக் ஷூவைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியானால் பின் பிரேக்கை மிதிக்கும்போது முன்னாலும் கொஞ்சம் பிடிக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்னால் மிதிப்பதுதான். தம்பி வேறு வண்டி ஓட்டுகிறவர் என்றால் பழக்க தோஷத்தில் மாற்றிச் சொல்லிவிடுவார், அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் எல் போர்டு, ஐஎஸ்ஐ ஹெல்மெட், மைதானத்திலும் ஷூ. எல்எல்ஆர் இருக்கும்வரை கற்றுக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும் ஏற்றாதீர்கள்.