லேப்ரோஸ்கோப்பியில ஊசி புரண்டுக்கிட்டே இருக்கு, கோளாறு கையிலயா நீடில் ஹோல்டர்லயா?

நைட்டூட்டி_பிஜி:
வணக்கம். ஜெனரல் சர்ஜரி எம்எஸ் ரெண்டாவது வருஷம் நான். போன வாரம் ராத்திரி ஒரு டியோடினல் பெர்ஃபொரேஷன் (சிறுகுடல் ஆரம்பத்துல ஓட்டை) வந்துச்சு, சார் லேப்லயே, அதாவது வயித்தைத் திறக்காம சின்ன ஓட்டைகள் வழியாக் கேமரா வச்சே, பண்ணாங்க. ஓமென்டம்ங்கிற குடல் மேல இருக்கிற கொழுப்புச் சவ்வை வச்சுக் கட்ட மூணு தையல், அதுல ஒண்ணே ஒண்ணை என் கையில குடுத்தாங்க. ஓபன்ல நான் நல்லாத்தான் தைப்பேன்னு நினைச்சுட்டு இருந்தேன், இங்க ஊசியைப் பிடிச்சா புரளுது, சரி பண்ணப் போனா படுத்துக்குது, பத்து நிமிஷம் பார்த்துட்டு சார் ஒண்ணும் சொல்லாம கையில இருந்து வாங்கிட்டாங்க. அந்த ஒண்ணும் சொல்லாததுதான் ரொம்ப வலிக்குது.
ஊசியைக் கவ்வுறதுக்கு எங்க செட்ல இருக்கிறது வளைஞ்ச வாய் நீடில் ஹோல்டர். செல்ஃப் ரைட்டிங்னு ஒண்ணு இருக்காம், வச்சதும் ஊசி தானா நிமிர்ந்து நிக்குமாம், அதைச் சொந்தமா வாங்கிடலாமான்னு யோசனை. பார்ப்டுன்னு முள்ளு வச்ச நூல் இருந்தா முடிச்சே வேணாம்ங்கிறாங்க. இன்னொரு ஃப்ரெண்டு "எதுக்குடா கஷ்டப்படுற, நீ வெளிய வர்றதுக்குள்ள எல்லாம் ரோபோ"ங்கிறான். எது உண்மை?

பழைய_கத்தி:
தம்பி, செல்ஃப் ரைட்டிங் இப்ப வாங்காதீங்க. அது ஊசியை ஒரே கோணத்துலதான் நிறுத்தும். பெர்ஃபொரேஷன்ல அந்தக் கோணமே போதும்னு தோணலாம், ஆனா ஹையாட்டஸ்ல (உதரவிதானத்துல உணவுக்குழாய் வர்ற ஓட்டை) தைக்கும்போதோ பேக்ஹேண்ட்ல, அதாவது எதிர்ப்பக்கமா, போட வேண்டி வரும்போதோ கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கணும், அங்க அது சாயவே சாயாது.

ஊசி புரளுறதுக்குக் காரணம் நீங்க ஊசியையே ரெண்டு கையாலயும் மாத்தி மாத்திப் பிடிக்கிறது. நூலைப் பிடிங்க. ஊசியில இருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி இடது கையால நூலைப் பிடிச்சுத் தூக்கினா ஊசி தொங்கும், நுனியைக் குடல் மேல லேசாத் தொட வைங்க, நூலை இப்படி அப்படி அசைச்சா ஊசி உங்களுக்கு வேண்டிய பக்கம் சுத்தி நிக்கும், அப்ப வலது கையால கவ்வுங்க. முதல்ல மெதுவாக் கவ்வுங்க, ராட்செட் (கைப்பிடியில இருக்கிற பூட்டு) விழக் கூடாது. கொஞ்சம் கோணலா இருந்தா நூலை ஒரு இழு இழுத்தா நேராயிடும், அப்புறம் இறுக்குங்க.

நூல் நீளம் எவ்வளவு வெட்டினீங்க? இன்டரப்டட், அதாவது தனித்தனித் தையலுக்கு, உள்ள முடிச்சுப் போட 12 முதல் 15 சென்டிமீட்டர் போதும். ஓபன் பழக்கத்துல முழு நூலையும் உள்ள விட்டா பாதி நேரம் நூலைத் தேடுறதிலேயே போகும். வால் (ஊசி இல்லாத நூல் நுனி) ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல வேணாம், வால் நீண்டா லூப்ல இருந்து வெளிய வரவே வராது.

இன்னொண்ணு, போர்ட் (கருவி உள்ள போற ஓட்டை) எங்க போட்டாங்கன்னு பாருங்க. ரெண்டு கருவியும் சுமார் 60 டிகிரியில சந்திச்சாத்தான் தைக்க வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கத்திச்சண்டைதான் நடக்கும், எனக்கே வராது. டேபிளைத் தாழ்த்தச் சொல்லுங்க, தோள் தூக்கி நின்னா பத்தாவது நிமிஷம் கை நடுங்கும். பிஜி சொன்னா டேபிளைத் தாழ்த்துவாங்களாங்கிறது வேற விஷயம்.

ஸ்க்ரப்_அக்கா:
டாக்டர் தம்பி, நான் பதினெட்டு வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல ஊசி எண்ணிக்கிட்டு இருக்கிறவ, அதனால என் கவலையே வேற. ஊசியை உள்ள விடும்போது ஊசியைப் பிடிச்சு விடாதீங்க, நூலைப் பிடிச்சு விடுங்க, பின்னாடியே ஊசி வந்துடும். 26 மில்லிமீட்டர் ஊசியை 5 மில்லிமீட்டர் போர்ட்ல திணிக்கப் பார்க்கிறவங்களை நான் பார்த்திருக்கேன், வளைவு அப்படியே இருந்தா போகாது, 10ல விடுங்க. வெளிய எடுக்கும்போதும் கேமரா கூடவே வரணும், ட்ரோக்கார் (போர்ட்ல வைக்கிற குழாய்) வாய்ல ஊசி கழண்டு குடலுக்கு நடுவுல விழுந்தா அப்புறம் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் வரணும், எல்லாரும் மூச்சு விடாம நிக்கணும். "எடுத்தாச்சு"ன்னு வாயால சொல்லுங்க சாமி, நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருப்பேன்.

பார்ப்டு நூல் பத்திக் கேட்டீங்களே. விலாக், ஸ்ட்ராட்டாஃபிக்ஸ்னு ரெண்டு பிராண்டும் எங்க தியேட்டர்ல வரும். நூல் முழுக்கச் சின்னச் சின்ன முள்ளு, முன்னாடி போகும் பின்னாடி வராது, விலாக்ல நுனியில ஒரு லூப், அதுக்குள்ள ஊசியை விட்டு இழுத்தா முதல் முடிச்சே வேணாம். கைனிக் மேடங்க யூட்ரஸ் எடுத்தப்புறம் வால்ட் (யோனியோட மேல் முனை) தைக்க இதைத்தான் கேட்பாங்க. ஆனா தப்பா இழுத்துட்டா திரும்ப எடுக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும்.

பழைய_கத்தி:
சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். டாப் ஹெர்னியாவுல (வயித்துக்குள்ள போய் வலை வைக்கிற லேப் ஆபரேஷன்) பெரிட்டோனியம்ங்கிற வயித்து உள்சவ்வை மூட பார்ப்டு அருமை, டேக்கர் (ஆணி மாதிரி பின்) அடிக்கிற வலி இல்ல. ஆனா கடைசியில அந்த வாலை ஒட்ட வெட்டணும். நீட்டிக்கிட்டு இருந்த முள்ளு சிறுகுடலைப் பிடிச்சு அடைப்பு வந்த கேஸ்கள் ரிப்போர்ட் ஆகியிருக்கு. பெர்ஃபொரேஷன்ல ஓரமெல்லாம் வீங்கி ஊறிப்போய் இருக்கும், அங்க முள்ளு நூலை இழுத்தா வெண்ணெய்ல கம்பி விட்ட மாதிரி கிழிச்சுக்கிட்டு வரும். அங்க சாதா விக்ரில் நூலும் முடிச்சும்தான்.

பயோமெட்_மணி:
ரோபோ பத்தி நான் சொல்லலாம், நாங்கதான் அதைப் பார்த்துக்கிறோம். லேப் கருவிக்கு உள்ள வெளிய, மேல கீழ, இடம் வலம், சுத்துறது, அவ்வளவுதான், மணிக்கட்டு கிடையாது. கையை வலது பக்கம் கொண்டு போனா உள்ள நுனி இடது பக்கம் போகும். டாவின்சி ரோபோவுல கருவி நுனியிலயே மணிக்கட்டு இருக்கு, கை நடுக்கத்தையும் வடிகட்டிடும், அதனால உங்களை மாதிரி புதுசா வர்றவங்களுக்கும் ஊசி சொன்ன பேச்சு கேட்கும்.
ஆனா நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கிற பெரும்பாலான மெஷின்ல தொடு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு இறுக்குறோம்னு கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும். முதல் மாசம் எல்லாரும் நூலை அறுப்பாங்க. நூலை நீடில் டிரைவர் வாயால நசுக்கிப் பிடிச்சாலும் அதோட பலம் போயிடும், அடுத்த இழுப்புல பட்டுனு போகும். சூச்சர்கட்னு ஒரு டிரைவர் உண்டு, வாய்க்கு அடியில சின்னக் கத்தி, கத்தரிக்கோலுக்காகக் கருவி மாத்த வேணாம்னு வச்சது, நூலைக் கொஞ்சம் ஆழமா விட்டுப் பிடிச்சா வேணாத நேரத்துல வெட்டிடும். டாவின்சி 5க்கு 2024 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, அதுல விசையை உணர்ற கருவி வந்திருக்கு.
அப்புறம் ஒவ்வொரு கருவிக்குள்ளயும் எத்தனை தடவைன்னு சிப் எண்ணும். முன்னாடி பெரும்பாலும் பத்து, 2020க்கு அப்புறம் சிலதுக்குக் கூட்டினாங்க. எண்ணிக்கை தீர்ந்தா கருவி புத்தம் புதுசா மின்னினாலும் மெஷின் ஏத்துக்காது. ராத்திரி ரெண்டு மணி பெர்ஃபொரேஷனுக்கு அதை எந்த ஆஸ்பத்திரி பிரிப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

நைட்டூட்டி_பிஜி:
நன்றி சார், அக்கா, மணி அண்ணே. நூல் நீளம் கேட்டீங்களே சார், இப்ப யோசிச்சா முப்பது சென்டிமீட்டர் இருக்கும் 😅. ஹாஸ்டல்ல பிளாஸ்டிக் டப்பாவுல ஓட்டை போட்டு மொபைலை கேமராவா வச்சு ஆரம்பிச்சுட்டேன், ஸ்பாஞ்சுல தைக்கிறேன். எஃப்எல்எஸ்னு லேப் அடிப்படைத் திறனுக்கான டெஸ்ட்ல ஒரு தையல் உள்ள முடிச்சோட 600 செகண்ட்ல முடிக்கணுமாம், எனக்கு இன்னும் 14 நிமிஷம் ஆகுது.

பழைய_கத்தி:
ஸ்பாஞ்ச் போதாது, அது எதையும் மன்னிச்சுடும். ஞாயித்துக்கிழமை கறிக்கடையில ஆட்டுப் போட்டி வாங்குங்க, நல்லாக் கழுவிட்டு டப்பாவுக்குள்ள ஒரு துண்டு குத்தி வைங்க. இழுத்தா கிழியும், அது கிழியாத அளவுக்கு முடிச்சு இறுக்கப் பழகுங்க. முதல் முடிச்சு ரெண்டு சுத்து, அடுத்த ரெண்டும் ஒத்தைச் சுத்து, கை மாத்தி மாத்தி.

ஸ்க்ரப்_அக்கா:
ஹாஸ்டல் ரூம்லயும் ஊசியை எண்ணி வைங்க தம்பி. கூட இருக்கிறவன் பாவம், வெறுங்காலோட நடப்பான்.