ஐந்து நிமிடத்தில் ஒரு கப்பல் எப்படிக் கவிழும்?

கொக்குவிலான்:
செனகல் நாட்டின் லெ ஜூலா கப்பலைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. 2002 செப்டம்பர் 26, இரவு பதினொரு மணியளவில் கம்பியாக் கரைக்கு அப்பால் கவிழ்ந்தது. இறந்தவர்கள் குறைந்தது 1,863 பேர், தப்பியது 64 பேர்தான். டைட்டானிக்கில் இறந்தவர்களை விடக் கூடுதல். ஆனால் டைட்டானிக் தாழ இரண்டரை மணித்தியாலம் எடுத்தது, இதுவோ ஐந்து நிமிடமளவில் புரண்டுவிட்டதாம். பாறையில் மோதவில்லை, இன்னொரு கப்பல் இடிக்கவில்லை. புயல், அளவுக்கு மிஞ்சிய சனம் என்கிறார்கள். சனம் கூடினால் தாழத்தானே வேண்டும், ஏன் புரள்கிறது? நயினாதீவு அம்மன் கோவில் திருவிழாவுக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் லோஞ்சில் (பயணிகள் படகில்) கூட்டிக்கொண்டு போகிற யோசனை இருக்கிறது, அதுதான் கேட்கிறேன்.

கப்பலோட்டி:
தாழ்வது வேறு, புரள்வது வேறு தம்பி. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் கூடுதலாகத் தண்ணீருக்குள் போகும், அங்கே தண்ணீர் மேலே தள்ளுகிற விசையும் கூடும், அதுதான் கப்பலைத் திரும்ப நிமிர்த்துகிறது. பாரம் கீழே இருக்கும்வரை இது நன்றாக வேலை செய்யும். பாரம் மேலே ஏற ஏற நிமிர்த்துகிற பலம் குறைந்துகொண்டே போய், ஒரு கோணத்தைத் தாண்டியதும் அதே தண்ணீர் கப்பலைக் கவிழ்த்துவிடும். ஜூலா ஏறக்குறைய 580 பேருக்குக் கட்டியது, அன்று அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். மேல்தட்டிலும் ஏராளமான ஆட்கள்.

தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. 2014 ஏப்ரலில் 304 பேரைப் பலிகொண்ட கொரியாவின் செவோல் கப்பலில், அனுமதித்த அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சரக்கு ஏற்றிவிட்டு, சுமைக்கோடு (எவ்வளவு தாழலாம் என்று கப்பலின் பக்கத்தில் போட்ட குறி) தண்ணீருக்குள் போகாமலிருக்க, கப்பல் புரளாமலிருக்க அடித்தொட்டிகளில் வைத்திருந்த நிலைப்புத் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். கரையில் நின்று பார்த்தால் எல்லாம் சரி. கீழே இருக்கவேண்டிய பாரத்தை எடுத்துவிட்டு மேலே ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போதாததற்கு அந்தக் கப்பலின் மேல்தளத்தில் புதிதாக அறைகளும் கட்டியிருந்தார்கள்.

அப்புறம், உள்ளே வந்த தண்ணீர். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடந்து பாருங்கள், சாய்கிற பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். 1987 இல் பெல்ஜியத்தின் சேபுருகே துறையில் முன்கதவை மூடாமல் புறப்பட்ட கப்பலின் வாகனத் தட்டில் நடந்தது அதுதான். 193 பேர் போனார்கள்.

தீவகத்துப் பெடியன்:
அவ்வளவு சனம் ஏன் ஏறியது என்பதையும் பாருங்கள். அந்தக் கப்பல் கசமான்ஸ் பகுதியையும் தலைநகர் டக்காரையும் இணைத்தது. கசமான்ஸில் பிரிவினைப் போர், தரைவழிப் பயணம் பயம், நடுவில் கம்பியா என்ற வேறு நாடு. பழுதுபார்க்கவென்று ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்த கப்பலை, அதே செப்டம்பரில்தான் திரும்ப ஓடவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி போரால் மூடிக்கிடந்த காலத்தில் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலுக்கு அலைந்தவர்களுக்கு இது விளங்கும். அப்போது இடம் கிடைத்தால் போதும் என்றுதான் ஏறினோம், எத்தனை பேர் ஏறலாம் என்று யார் கேட்டார்கள்?

ஜூலாவில் சிறு பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, இலவசமாக ஏறியவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இன்றுவரை சரியான கணக்கு இல்லை.

சும்மா ஒருவன்:
நடுக்கடல் கப்பலையும் நயினாதீவுக்குப் போகிற குறிகட்டுவான் துறை லோஞ்சையும் ஒப்பிட்டு இவரைப் பயப்படுத்தாதீர்கள். கால் மணித்தியாலப் பயணம் அது.

தீவகத்துப் பெடியன்:
திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் அதைவிடக் குறைந்த தூரம் அண்ணை. பாலம் கட்டுகிறோம் என்று வழியை மூடிவிட்டு இழுவைப் படகு விட்டார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள்.

கப்பலோட்டி:
பயப்படத் தேவையில்லை, பார்த்து ஏறினால் போதும். திருவிழா நாளில் நிரம்பி வழிகிற லோஞ்ச் என்றால் விட்டுவிட்டு அடுத்ததில் போங்கள், அம்மா முணுமுணுத்தாலும் பரவாயில்லை. கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஒரே பக்கம் ஓடுவார்கள், அந்தக் கூட்டத்தோடு பிள்ளைகளை விடவேண்டாம். கீழ்த்தட்டில் அடைந்து உட்காராமல் வாசலுக்குக் கிட்ட இருங்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஆனால் மூடிய அறைக்குள் தண்ணீர் நிரம்பினால் அது உங்களைக் கூரையோடு ஒட்டிவைத்துவிடும், அதனால் லோஞ்ச் சாய்ந்து நிமிராமல் நின்றால் உடனே வெளியே வரவேண்டும். செவோலில் இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள், சொல்கேட்டு இருந்த பிள்ளைகள்தான் கூடுதலாகப் போனார்கள்.

கொக்குவிலான்:
நன்றி அண்ணை. திருவிழாக் கூட்டம் வேண்டாம், அம்மாவோடு பேசி ஒரு சாதாரண நாளில் காலையிலேயே போகப் பார்க்கிறேன். சின்னவளின் அளவுக்கு அங்கி அங்கே இருக்குமா, இல்லை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு போகவேண்டுமா?